இருமுகிற டேப்

மச்சா.

உன்னை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. உன் அம்மாவே ஒரு தடவை கேட்டார்கள், "இவன் பேராச்சும் தெரியுமாடா உனக்கு, இல்ல வெறும் மச்சாதானா?" என்று. இப்போதும் அதுதான் வாயில் வருகிறது. உன் டேப் ஒன்றை வைத்துக் கடையில் ஒரு விஷயம் நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மற்றவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் இவனும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண வீடியோ கடையில் வேலை செய்தோம். கேமரா தூக்குவது, லைட் பிடிப்பது, வயர் சுருட்டுவது எல்லாம் ஒன்றாகத்தான். நான் பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவன். அவனும் பெரிதாகப் படிக்கவில்லை. ஆனால் எடுத்த வீடியோவையெல்லாம் டேப்பில் ஏற்றி வைக்கிற வேலை அவனுடையது. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு டேப். அதை எழுதவும் படிக்கவும் ஒரு மிசின் உண்டு, டிரைவ் என்போம். கம்ப்யூட்டர் கெட்டாலும் கல்யாணம் டேப்பில் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து கிள்ளானுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, மழையில் வழுக்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மச்சா, நீ காலையில் வந்ததும் அந்த மிசினிடம், "பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பைப் போடுவாய். ஸ்கிரீனில் ஓகே என்று வந்தால் எங்களுக்குப் போதும். உனக்குப் போதாது. காதை வைத்துக் கேட்பாய். நல்ல டேப் ஒரே சீராக ஓடும். ஓர் இடத்தைப் படிக்க முடியாவிட்டால் பின்னால் போகும், முன்னால் வரும், மறுபடி பின்னால் போகும். க்ர்க், க்ர்க். "இருமுதுடா," என்பாய். டிரைவைத் துடைக்கிற கிளீனிங் டேப்பைப் போடுவாய். அதற்குப் பிறகும் இருமினால் டிரைவ் மேல் தப்பில்லை, டேப்தான் கெட்டது. உடனே அதில் இருப்பதை வேறு டேப்புக்கு மாற்றிவிடுவாய்.

நீ போன பிறகு அந்த மிசினை யாரும் தொடவில்லை. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்போதுதான் காப்பாரிலிருந்து ஓர் ஆன்டி வந்தார்கள். அவர்கள் மகள் கல்யாணத்தை நாம்தான் எடுத்தோம். அங்கிள் இப்போது இல்லை, இறந்துவிட்டார்.

"தம்பி, நீங்க குடுத்த வீடியோல அங்கிள் முதுகுதான் தெரியுது. வெட்டாத வீடியோ வச்சிருப்பீங்களாமே. அதுல முன்பக்கம் எங்கயாச்சும் இருக்குமா?"

தேடிப் பார்க்கிறோம் ஆன்டி என்றேன்.

அந்தக் கல்யாணம் நீ இரண்டாவது பிரதி எடுக்கத் தொடங்குவதற்கு முந்தியது. ஒரே ஒரு டேப்தான். போட்டோம், படிக்கவில்லை. வேறு கல்யாண டேப் போட்டோம், அதுவும் படிக்கவில்லை. முதலாளி தலையில் கை வைத்துவிட்டார்.

"எல்லாம் போச்சு. அவன் ஒழுங்கா பார்க்கவே இல்ல போலிருக்கு. செத்தவன்கிட்ட போய் என்னத்த கேக்கிறது?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உனக்கு மிச்சம் இருப்பது பேர் மட்டும்தான். அதையும் கெடுக்கிறார்களே என்று இருந்தது. சுபாங் ஜெயாவிலிருந்து மிசின் பார்க்கிற ஒருவரை நானே போன் போட்டு வரவழைத்தேன். மலாய்க்காரர், அவர்கள் பாஷையில் அண்ணன் என்கிற மாதிரி பாங் என்று கூப்பிட்டேன். நம் டிராயரில் இருந்த கிளீனிங் டேப்பை உள்ளே போட்டார். டிரைவ் உடனே வெளியே துப்பிவிட்டது.

"ஆயுசு முடிஞ்ச கிளீனிங் டேப் ப்ரோ, இது. சும்மா உள்ள போய்ட்டு வெளிய வரும், துடைக்காது," என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். தான் கொண்டுவந்த புதுசைப் போட்டுத் துடைத்தார். பிறகு உன் டேப்களை ஒவ்வொன்றாகப் போட்டோம். எல்லாம் ஓடின, மச்சா. சீராக ஓடின.

முதலாளி கழுத்தைச் சொறிந்தார். "சரிலா, ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்."

கடைசியாக ஆன்டியின் டேப். கொஞ்சம் ஓடியது. அப்புறம் க்ர்க், க்ர்க்.

பாங் டேப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே சின்ன ஸ்டிக்கரில் உன் கையெழுத்து: "இருமல். மாத்தணும்."

"இது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் பள்ளியில் படித்த முதலாளிக்கும் படிக்கத் தெரியாது. நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பெண் மாப்பிள்ளை பேர் என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? ஆனால் கெட்ட டேப் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப இழுத்தால் அறுந்துவிடும். இருக்கிற அங்கிளும் போய்விடுவார். கடை முன்பக்கம் நாற்காலியில் ஆன்டி கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தோக்," என்றேன்.

"பாத்தோக்?" அவர் தொண்டையில் கை வைத்து இருமிக் காட்டினார்.

ஆமாம் என்றேன். வேறு டேப்புக்கு மாற்ற வேண்டும் என்றும் எழுதியிருக்கிறான், மாற்றவில்லை என்று சொன்னேன். "அப்ப அவருக்கு முன்னாடியே தெரியும்," என்றார் பாங். முதலாளி என்னையே பார்த்தார். பாங் அந்தக் கெட்ட இடத்துக்குப் போகாமல், அதற்கு முன்னால் இருந்ததை மட்டும் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

மச்சா, நீ மறந்துவிட்டாய். எழுதி ஒட்டிவிட்டு மறந்துவிட்டாய். அதற்குப் பிறகு உனக்கு எத்தனையோ நாள் இருந்தது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. நீ இருந்திருந்தால் முதுகில் நாலு அறை வைத்திருப்பேன். நீயும் சிரித்துக்கொண்டே வாங்கியிருப்பாய்.

ஆன்டிக்குப் போட்டுக் காட்டினோம். மண்டபத்தில் காலை நேரம். அங்கிள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி தூக்கிவருகிறார். நேராக கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கிறார். பின்னாலிருந்து உன் குரல்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளுங்கலா, மேடைய எடுக்கணும்."

"என்னையும் எடு தம்பி. பொண்ணப் பெத்தவன் மூஞ்சி தெரிய வேணாமா?"

"எடுக்கிறேன் அங்கிள். கேமரா பயந்து ஓடிட்டா நீங்கதான் புடிச்சிட்டு வரணும்."

அங்கிள் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். அதோடு நின்றுவிட்டது. தாலி கட்டுவது இல்லை, தாரை வார்ப்பது இல்லை.

ஆன்டி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"யாருப்பா அந்தத் தம்பி? நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசறான்."

சொன்னேன். நீ இல்லை என்று சொன்னேன். மீதிக் கல்யாணம் போனதற்குக் காரணம் நீ டேப்பை மாற்ற மறந்ததுதான் என்றும் சொன்னேன். திட்டினால் நான் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

ஆன்டி ஸ்கிரீனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, "அம்மா இருக்காங்களா அவனுக்கு?" என்றார்கள்.

"கிள்ளான்ல இருக்காங்க ஆன்டி."

"மறந்துட்டான், பாவம். எங்க அங்கிள் மருந்து சாப்பிட மறக்காத நாளே கிடையாது. மறக்கறவங்கள நான் எப்படித் திட்டுவேன்?" கைப்பையை மூடினார்கள். "வெள்ளிக்கிழமை கோயில்ல அங்கிளுக்கு விளக்கு ஏத்துவேன். அந்தத் தம்பிக்கும் சேத்து ஏத்தறேன். பேர் என்ன, சொல்லு."

அன்றைக்குத்தான் மச்சா, உன் பேரை முதல் தடவையாக வாய் திறந்து சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

இதைப் படிக்கிற அண்ணன், அக்கா எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். அவனால் கல்யாண டேப்பையே இழந்த ஆன்டி அவனுக்கு விளக்கு ஏற்றுகிறார்கள். நீங்களும் உங்கள் சாமி எதுவானாலும் அவனுக்காக ஒரு நிமிஷம் கும்பிடுங்கள். பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை. வீடியோ கடையில் டேப் பார்த்த பையன் என்று சொல்லுங்கள், சாமிக்குப் புரியும்.