பாலத்தில் கேட்ட சத்தம்

செய்தி வந்தபோது நான் குச்சவெளியில் என் வீட்டு முற்றத்தில், துருப்பிடித்த சைலன்சர் ஒன்றை வேலிப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றேன். விடிந்து கொஞ்ச நேரம்தான். போனில் ஹாஜராவின் மகள் சிபானா. “ஸ்டெல்லா அன்ரி, உம்மா மௌத்தாகிட்டா. சுபஹுத் தொழுகைக்கு எழும்பினவ, உளு செய்யப் போகக்குள்ள விழுந்திட்டா. லுஹர் தொழுகையோட எடுக்கிறாங்க. வந்திருங்க.” மத்தியானத் தொழுகையோடு ஹாஜராவை அடக்கிவிடுவார்கள். சைலன்சரை விட்டதும் அது என் காலடியில் விழுந்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

மிருக வைத்தியர் ஹாஜராவை உங்களுக்குத் தெரியும். கிண்ணியா, மூதூர், வெருகல், குச்சவெளி என்று மாடு வைத்திருக்கிற எந்த ஊரிலும் அவளைத் தெரியாத ஆள் இல்லை. அவளைப் பற்றி எழுதுகிறபோது ‘அவர்’ என்று எழுதவேண்டும் என்று என் மனுசன் ஜெரால்ட் சொல்கிறார். எனக்கு அது வராது. ஒரே காருக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்து, ஒரே துருவைக் கண்ணில் வாங்கிக்கொண்ட இரண்டு பேருக்கு இடையில் அந்த ‘அவர்’ எங்கே நிற்கும்?

அவள் மிருக வைத்தியர், நான் அதே அலுவலகத்தில் கால்நடை உத்தியோகத்தர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேரும் ‘நீங்கள்’ போட்டுத்தான் கதைத்தோம். ஒரு மாரியில், மாடுகளுக்கு வருகிற கால்-வாய் நோய்க்கு ஊசி போட வெருகலுக்குப் போனோம். அவளுடைய பழைய ஜப்பான் கார், நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வகை. சேற்றில் அது நன்றாகத்தான் போனது. ஆனால் ஒரு கல்லில் அடிபட்டுச் சைலன்சர் கழன்றுவிட்டது. கார் போட்ட கத்தலில், பட்டியில் நின்ற மாடுகள் எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு வேலியைப் பிய்த்து ஓடிவிட்டன. பட்டிக்காரர் எங்களைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க ஏலாது. ஹாஜரா அபாயாவைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு, அந்தச் சேற்றிலேயே காருக்குக் கீழே போய்விட்டாள். கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து குரல் வந்தது. “மேல நிண்டு என்ன பாக்கிற? வா புள்ள, வந்து இதப் பிடி.” அன்றைக்குப் போன ‘நீங்கள்’ பிறகு திரும்பி வரவேயில்லை.

“மாடு காதாலதான் ஆளைப் பாக்கும்” என்பது அவள் அடிக்கடி சொல்வது. சத்தம் போட்டு வருகிற டொக்டரை மாடு நம்பாது, நம்பாத மாட்டுக்கு ஊசி போட ஏலாது, இவ்வளவும்தான் அவளுடைய கணக்கு. அதனால் அந்தக் காரின் மற்றக் குறை ஒன்றையும் அவள் கண்டுகொள்ளமாட்டாள். கதவு பூட்டாது, கண்ணாடி பாதியில் நிற்கும், மழை பெய்தால் இடது காலடியில் தண்ணீர் தேங்கும். ஆனால் புகைபோகும் குழாய் மட்டும் சுத்தமாக இருக்கவேண்டும். இங்கே கடல் காற்றும் உப்பும். நட்டு, போல்ட் எல்லாம் துருவில் ஒட்டிப்போய்விடும், குழாய் கொஞ்ச வருசம்கூடத் தாங்காது. ஆகவே அந்த வேலை எங்களுக்குத் திருவிழா மாதிரி திரும்பத் திரும்ப வரும்.

அந்த வேலையில்தான் எங்கள் சண்டையும். எனக்குப் பொறுமை கிடையாது. முன் குழாயை எஞ்சினோடு சேர்த்துவிட்டால் உடனே அதை இறுக்கிவிடவேண்டும் என்று கை துடிக்கும். அவள் என் கையில் தட்டுவாள். “அவசரக் குடுக்கை. முதல்ல எல்லாத்தையும் தொங்கப் போடு. முன் குழாய், நடுக் குழாய், சைலன்சர், எல்லாம் லூசாத் தொங்கட்டும். அது அது தன்ர இடத்தைத் தேடி நிக்கும். பிறகு முன்னுக்கிருந்து பின்னுக்கு இறுக்கிக்கொண்டு போ.” நாலு சில்லு இழுக்கிற காரில் எஞ்சினிலிருந்து பின் சில்லுகளுக்குப் போகிற இரும்புத் தண்டு ஒன்று நடுவால் ஓடும். குழாய் அதற்குப் பக்கத்தால்தான் போகவேண்டும். முதலில் முன்பக்கத்தை இறுக்கிவிட்டால் குழாய் கோணிக்கொண்டு போய் அந்தத் தண்டில் முட்டும். இது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. தெரிந்தும் ஒவ்வொரு முறையும் இறுக்கினேன், ஒவ்வொரு முறையும் அவள் கழற்ற வைத்தாள்.

காருக்குக் கீழே இவ்வளவு பொறுமை காட்டியவள், மேலே வந்தால் ஒரு இடத்தில் இருக்கமாட்டாள். அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு கதிரை கிடந்தது. அதில் ஊசி மருந்துப் பெட்டிதான் இருந்தது, அவள் இருந்து நான் கண்டதில்லை. தேத்தண்ணியை நின்றபடிதான் குடிப்பாள். “கொஞ்சம் இரு ஹாஜரா” என்றால், “கிடக்கிற காலத்தில கிடப்பம்” என்பாள்.

அவளுடைய உம்மா மௌத்தானது பாலம் கட்டுவதற்கு முந்திய காலத்தில். கிண்ணியாவுக்குள் போகவேண்டுமென்றால் ‘பாதை’ என்று சொல்கிற அந்தத் தட்டைப் படகில் வாகனத்தோடும் சனத்தோடும் ஏறி நீரைக் கடக்கவேண்டும். நான் பஸ்ஸில் வந்து பாதைக்காகக் கரையில் நின்றேன். பாதை அக்கரையில் நின்றது. அது வந்து, ஏற்றி, திரும்பி, நான் வீட்டு வாசலுக்குப் போனபோது ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகளில் என்றால் அடுத்த நாளும் முகம் பார்க்கலாம். அங்கே அது முடியாது, எடுத்தால் எடுத்ததுதான். அந்த உம்மா எனக்கு எத்தனை முறை சோறு போட்டிருப்பா. நான் வாசலிலேயே நின்று அழுதேன். ஹாஜராதான் வந்து என் கையைப் பிடித்தாள். “அழாத. உம்மா கோவிக்கமாட்டா. ஆனா என்ர மௌத்துக்கு நீ பஸ்ஸில வந்து பிந்தினா நான் கோவிப்பன், சொல்லிப்போட்டன். என்ர முகத்த நீ பாக்கோணும்.” உம்மாவை அடக்கிய அன்றைக்கே இப்படிக் கதைக்கிற பெண் அவள். நான் ஓம் என்றேன்.

போன வருசம் இருதய வருத்தம் வந்து, இனி ஓட்டக் கூடாது என்று டொக்டர்மார் சொன்னபோது, அவள் காரை என்னிடம் தந்தாள். திறப்பை என் கையில் வைக்கிறபோது, “குழாயப் பாத்துக்கொள்” என்றாள். மாரி முடிய மறுபடியும் சைலன்சர் ஓட்டையாகி, கார் ஊரைக் கூட்டத் தொடங்கியது. புதுக் குழாய்கள் எடுத்து வைத்தேன். போனில் சொன்னேன். “நீ பழசக் கழட்டி வை. பூட்டாத. சனிக்கிழமை மகள் கூட்டிக்கொண்டு வருவா. நான் கதிரையில இருந்து சொல்லுறன், நீ பூட்டு” என்றாள். ஹாஜராவும் கதிரையும்! சிரித்தேன். அவள் சொன்னபடி காரைக் கட்டைகளில் ஏற்றி, பழையதைக் கழற்றி வைத்தேன். சனிக்கிழமை வருமுன் அந்தப் போன் வந்தது.

பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது எப்போது என்று இந்தக் கரையோர வீதியில் யாரைக் கேட்டாலும் “வரும்” என்பார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோ மீன் ஏற்றிக்கொண்டு ரவுணுக்குப் போயிருந்தது. ஜெரால்ட் வீதிக்கும் வீட்டுக்குமாக நடந்தார். எனக்குக் காலில் கொதிதண்ணி ஊற்றின மாதிரி. “குழாயப் பூட்டுவம்” என்றேன். “இப்பவா?” என்றார். நான் அதற்குள் காருக்குக் கீழே போய்விட்டேன்.

ஜெரால்ட் பிடித்தார், நான் பூட்டினேன். என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கு விளங்கும். முன் குழாயை வைத்தவுடன் இறுக்கினேன். இறுக்கி, மற்றதையெல்லாம் அவசரம் அவசரமாகக் கொழுவி, காரை இறக்கி, ஸ்டார்ட் பண்ணி நகர்த்தினால், டொக் டொக் என்று குழாய் தண்டில் இடிக்கிறது. இப்படியே ஓடினால் வழியில் குழாய் உடையும், இல்லாவிட்டால் தண்டு கெடும். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, “நீ செத்தும் என்னை விடமாட்டாய் என்ன?” என்று சத்தமாகக் கேட்டேன். ஜெரால்ட் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடியும் ஏற்றி, இறுக்கியதையெல்லாம் தளர்த்தினேன். தொங்கப் போட்டேன். அவள் சொன்ன மாதிரியே குழாய் தன் இடத்தைத் தேடி, தண்டை விட்டு விலகி நின்றது. இனி முன்னுக்கிருந்து இறுக்கவேண்டும். வெயில் ஏறிவிட்டிருந்தது. ஜெரால்ட் மணிக்கூட்டைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நட்டுகள் கழன்று விழாத அளவுக்குக் கையால் திருகிவிட்டு, புகை உள்ளே தேங்காமல் கண்ணாடிகளை இறங்கின மட்டும் இறக்கி, அப்படியே வெளிக்கிட்டோம்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? மூட்டு மூட்டாகப் புகை கசிந்து, கார் கர்ஜித்தது. நிலாவெளியில் நாய்கள் துரத்தின. ரவுணில் சனம் கடைகளுக்கு வெளியே வந்து பார்த்தது. துறைமுகப் பக்கம் திரும்பியபோது ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் “மளகெதர” என்றேன், செத்த வீடு என்று அர்த்தம். அவர் என் முகத்தைப் பார்த்தார், முழங்கைவரை அப்பியிருந்த கரியைப் பார்த்தார், கையை அசைத்துப் போகவிட்டார். சீனக்குடா தாண்டி ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, நான் கத்திய கத்தல் காரை விடப் பெரிது. ஜெரால்ட் ஜெபமாலையை எடுத்து உருட்டினார்.

கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது பள்ளிவாசலில் லுஹருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பிந்திவிட்டேன் என்றே நினைத்தேன். பாதைக்காக நின்ற அதே நீர்தான் கீழே. கண்ணீரில் வீதி தெரியவில்லை. ஆனாலும் அக்சிலேட்டரை விடவில்லை.

அவள் வீடு பாலத்தைத் தாண்டியவுடன், தண்ணீர்க் கரையோடு இருக்கிறது. அங்கே நடந்ததைப் பிறகு சொன்னார்கள். முகத்தை மூடியாகிவிட்டது. உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க ஆண்கள் கை வைத்துவிட்டார்கள். அப்போதுதான் நீருக்கு மேலால் அந்தச் சத்தம் வந்திருக்கிறது. அறைக்குள்ளிருந்து சிபானா கத்தினாளாம்: “பொறுங்க! தூக்காதீங்க! உம்மாட கார் வருது. ஸ்டெல்லா அன்ரி பாலத்தில வாறா.” பெரியவர் ஒருவர், தொழுகைக்கு நேரமாகுது மகள் என்றிருக்கிறார். ஹாஜராவின் காக்கா, அவளுடைய அண்ணன், “வைங்க. அந்தப் புள்ள பாத்தாத்தான் இவ போவா” என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார்.

நான் உள்ளே போனேன். பெண்கள் விலகி இடம் விட்டார்கள். சிபானா துணியை விலக்கினாள். குளிப்பாட்டி, கற்பூர வாசத்தோடு கிடந்தாள். இவ்வளவு அசையாமல் அவளை நான் கண்டதேயில்லை. அவளுடைய கையைப் பார்க்க ஆசையாக இருந்தது. நகத்துக்குள் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கை கஃபன் துணிக்குள் இருந்தது. என் கையைப் பார்த்தேன், அதே கறுப்பு. தொடக்கூடாது என்று பின்னால் கட்டிக்கொண்டேன். “பிந்தயில்லை, பார்” என்றேன்.

வாழ்நாள் முழுக்கச் சத்தத்தைத் துரத்தினவள். நான் அவள் சொன்ன மாதிரி வேலையை முடித்து, அமைதியாக வந்திருந்தால், வெறும் வீட்டுக்குத்தான் வந்திருப்பேன். இதை நினைத்தால் எனக்கு ஆறுதலா, ஆத்திரமா என்று இன்னும் பிடிபடவில்லை. சில நேரம் அவளோடு இதைப் பற்றிச் சண்டை பிடிக்கவேண்டும் போல் இருக்கிறது.

வெருகலில் ஊசி போடும் வேலை இருந்ததால், அடுத்த கிழமை காருக்குக் கீழே போனேன். முன்னுக்கிருந்து பின்னுக்கு, ஒவ்வொன்றாக இறுக்கினேன். பட்டிக்குப் பக்கத்தில் கார் போய் நின்றபோது, ஒரு மாடும் தலை தூக்கவில்லை. அசை போட்டுக்கொண்டு நின்றன. நல்ல வேலை என்று பட்டிக்காரர் சொன்னார். எனக்கு அந்த இடத்தை விட்டு எங்கேயாவது ஓடவேண்டும் போல் இருந்தது.

பிறகு ஹாஜராவுக்காகக் கத்தம் ஓதுகிற நாளுக்கு சிபானா கூப்பிட்டாள். பாலத்தைத் தாண்டி, ஒழுங்கைக்குள் திரும்பி, வாசலில் நிறுத்தும்வரை ஒருவருக்கும் நான் வந்தது தெரியாது. குசினிக்குள்ளிருந்து சட்டியோடு வந்த சிபானா திடுக்கிட்டு நின்றாள்.

“எப்ப வந்தீங்க அன்ரி? சத்தமே கேக்கல்ல.”

“பூட்டிப்போட்டன், மகள். உம்மா சொன்ன மாதிரி.”

“நல்லம்” என்றாள். சட்டியை நிலத்தில் வைத்தாள். “காலமையிலிருந்து பாலத்துப் பக்கம் காதக் குடுத்துக்கிட்டு இருந்தன், அன்ரி. உம்மாட கார் வரும் வரும் எண்டு.” அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து அழுதாள். நானும் குந்தினேன்.

ஹாஜராவிடமிருந்து நீ என்ன எடுத்துக்கொண்டாய் என்று கேட்கிறவர்களுக்குப் பொறுமை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அது பொய். நான் இன்றைக்கும் அவசரக் குடுக்கைதான். என்னிடம் இருப்பது அவளுடைய கார். அதன் குழாயை அவள் விரும்பிய மாதிரி வைத்திருப்பேன், பட்டிகளுக்குச் சத்தமில்லாமல் போவேன். ஆனால் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் ஹோர்னை நீளமாக அழுத்துகிறேன். ஜெரால்ட் காதைப் பொத்துகிறார். பொத்தட்டும். அக்கரையில் ஒருத்தி காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பாள்.