காயாத நீலச் சுடிதார்

நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். வெயிலும் காற்றும் இருந்தால் ஈரத் துணி காய்ந்தே தீரும் என்று கரும்பலகையில் படம் போட்டு எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பேய், சகுனம், கண்ணேறு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ சோலி இருக்கிறது என்று சொல்கிற வீடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். என் வீட்டுக்காரரும் சிரிக்கத்தான் செய்கிறார், ஆனால் அந்தச் சுடிதார் இருக்கிற பீரோவை மட்டும் அவர் திறப்பதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடை. எங்கள் ஒரே மகள் ஷீலா மதுரையில் விடுதியில் தங்கிப் படித்து, பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை முடிந்து ராஜபாளையம் வந்து இறங்கினாள். தகரப் பெட்டியைத் திறந்தால் பாதி புத்தகம், பாதி குப்பை. நான் குப்பை என்றதற்கு அவளுக்குக் கோபம். பவுடர் டப்பா நிறைய உடைந்த வளையல் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தோழியுடையதாம். வகுப்பறைச் சுண்ணாம்புக்கட்டி ஒன்று, விடுதிச் சாப்பாட்டறை ஸ்பூன் ஒன்று, எல்லாரும் வரிசையாக நின்று எடுத்த போட்டோ, அதில் பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். அடியில் மடித்து வைத்த ஒரு சுடிதார். ஆகாய நீலம், நெஞ்சில் சின்னச் சின்னக் கண்ணாடி வைத்துத் தைத்தது, கையில் பஃப். அது அவளுடையது இல்லை என்று எனக்குப் பார்த்தவுடனே தெரியும், ஏனென்றால் அவளுடைய துணி முழுவதும் நான் எடுத்துக் கொடுத்தது. அவளுக்கு ஆசையாகத் தைத்துக் கொடுத்த கடுகு மஞ்சள் சுடிதார், கறுப்புப் புள்ளி போட்டது, அதைக் காணோம்.

"கோதைட்டக் குடுத்துட்டேன். இது அவளோடது" என்றாள், ஏதோ பேனாவை மாற்றிக்கொண்ட மாதிரி.

கோதை அவளுடைய அறைத் தோழி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அந்த வாரமே ஒரு டப்பா பால்கோவாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். உட்கார்ந்த இடத்தில் பேச்சு நிற்காத பெண். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஏம்மா, நல்ல துணியக் குடுத்துட்டு ஆளாளுக்குப் பழசா வாங்கிக்கிடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"பழசுன்னு சொல்லாதீங்க ஆன்ட்டி. எங்க ஊர்ல ஆண்டாளு சாமிக்கே தான் போட்டுப் பாத்த மாலையத்தான் குடுத்தா. அவிய வேண்டாம்னா சொன்னாக? புதுசு எந்தக் கடையிலயும் கெடைக்கும். நான் போட்டது கெடைக்குமா?"

"பாத்தியாம்மா, எம்புட்டு வாயின்னு" என்று ஷீலா சிரித்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் அந்த விடுதியில் ஆரம்பித்து வைத்த பழக்கமாம் அது. உயிருக்குயிரான தோழிக்குப் புதுத் துணி கொடுக்கக் கூடாது, ஒரு தடவையாவது தான் உடுத்திக் களைந்ததைத்தான் கொடுக்க வேண்டும். துவைக்காமல் கொடுத்தால் இன்னும் விசேஷம் என்றார்கள். நான் முகம் சுளித்தேன். ஆனாலும் அந்தக் கோடை முழுவதும் ஷீலா அந்த நீலத்தைத்தான் திரும்பத் திரும்ப உடுத்தினாள். காதில் நீலப் பிளாஸ்டிக் வளையம், தலையில் நீல ஹேர்பேண்டு. காலையில் மாம்பழம், மத்தியானம் கேரம் போர்டு, சாயங்காலம் வயர் கூடை பின்னுவது, இடையில் ரேடியோ. வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம், அதனால் நானும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே மாதக் கடைசியில் தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து பிக்னிக் போக ஏற்பாடு. ஊருக்கு மேற்கே மலையடியில் ஓடுகிற ஆறு, கோடையில் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும். வேன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கோதையை ஏற்றிக்கொண்டு வரும். கோதை மஞ்சளை உடுத்தி வர வேண்டும், ஷீலா நீலத்தை உடுத்த வேண்டும், அங்கே பாறையில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். இது ஒப்பந்தம்.

முந்தின நாள் காலையில் நீலச் சுடிதாரைத் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் போட்டேன். கூடவே போர்வை, இவருடைய மில் யூனிபார்ம், இரண்டு சேலை. மே மாத வெயில், தரையில் கால் வைக்க முடியாது. மத்தியானம் எடுக்கப் போனால் கனத்த போர்வைகூட அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது, அந்த ஒரு மெல்லிய பருத்திச் சுடிதார் மட்டும் சொட்டுகிறது. நான் சரியாகப் பிழியவில்லை என்று நினைத்து முறுக்கிப் பிழிந்து மறுபடி போட்டேன். சாயங்காலம் போனால் அதே மாதிரி, இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்த மாதிரி. நம்பினால் நம்புங்கள், பக்கத்தில் எங்கும் குழாய் கிடையாது, மேலே தொட்டி கிடையாது.

"சோப்புத் தண்ணி போயிருக்காது, நல்லா அலசு" என்றார் இவர். அலசினேன். வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே போட்டு வைத்தேன்.

காலையில் தரை முழுவதும் தண்ணீர். பேண்ட்டின் ஓரத்தை உதறினேன், பொடி மணல் விழுந்தது. எங்கள் தெரு மண் சிவப்பு, இது வெளுத்த மணல், ஆற்று மணல். பாசி பிடித்த பாறை வாடை வேறு. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் சுர்ரென்று ஆவி கிளம்பும், பெட்டியை எடுத்தவுடன் அந்த இடத்தில் மறுபடி ஈரம் பரவும். நான் கண்ணால் பார்த்தேன். என்னுடைய ஆவியாதல் பாடமெல்லாம் வயிற்றுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

"நீ போக வேண்டாம்ட்டி" என்றேன்.

"என்னது?"

"போக வேண்டாம்னா வேண்டாம்."

"உடுப்பு காயலன்னு யாராச்சும் பிக்னிக்க நிறுத்துவாகளாம்மா? வேற உடுத்திட்டுப் போறேன். நீயெல்லாம் சயின்ஸ் டீச்சர்!"

நான் கதவை மறித்து நின்றேன். எதற்கு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அவள் தோள் வரைதான் நான் இருப்பேன், ஆனால் அன்றைக்கு என்னைத் தள்ளிவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. கோதை இறங்கி வந்தாள், கடுகு மஞ்சள், கறுப்புப் புள்ளி. ஒரு கணம் என் மகள்தான் வெளியே நிற்கிறாள் என்று நினைத்துத் திடுக்கிட்டேன். ஷீலாவுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

"இப்பத்தான காய்ச்சலு வருது அவளுக்கு! சரி ஆன்ட்டி, அவ பங்குக்கும் நானே ஆடிட்டு வாரேன்" என்று சிரித்துக்கொண்டே போய் வேனில் ஏறினாள்.

ஷீலா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலில் இறங்கிவிட்டேன், மகள் வீட்டுக்குள் இருக்கிறாள் என்பதால் மனம் கொஞ்சம் ஆறியிருந்தது. மத்தியானத்துக்கு முன்னால் அவள் அடுப்படிக்கு வந்து நின்றாள். கையில் அந்தச் சுடிதார். இப்போது அது சொட்டவில்லை, ஒழுகிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது அவளுக்கு.

"அம்மா, இது எனக்கு ஏதோ வரப்போகுதுன்னா பயந்த?"

"ஆமா."

"இது என் துணி இல்லையேம்மா. கோதையோடதுல்லா."

நான் அடுப்பை அணைத்தேன். துணி யாருடையது என்று இரண்டு நாளாக நான் யோசிக்கவே இல்லை. என் வீட்டுக் கொடியில் தொங்கினால் என் பிள்ளையுடையது என்றே நினைத்திருக்கிறேன்.

இவர் மில்லில் இருந்தார். பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் ஓடினேன். தெலுங்கு பேசுகிற குடும்பம், மாந்தோப்பு உண்டு, பெட்டி ஏற்றுகிற ஜீப் உண்டு. அவர் சாப்பிட உட்காரப் போனவர்.

"டீச்சரம்மா, அம்புட்டு வெயிலடிக்கி. ஆத்துல கொக்கு நனையக்கூடத் தண்ணி இல்ல. செத்த நேரம் பொறுங்க, சாப்பிட்டுப் போவோம்" என்றார். நான் அழுத அழுகையைப் பார்த்துச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சாவியை எடுத்தார். ஷீலாவும் நானும் ஜீப்பில் ஏறினோம்.

ஊருக்குள் மேகமே கிடையாது. மலையடி நெருங்க நெருங்கத்தான் பார்த்தோம், மேற்கே மலை உச்சி தெரியவில்லை, மை கொட்டின மாதிரி இருந்தது. மேலே பெய்த மழை கீழே யாருக்கும் தெரியாது, அந்த ஆற்றின் சுபாவம் அது. ஜீப் நிற்பதற்கு முன்னால் பெண்பிள்ளைகள் கத்துவது கேட்டது. செம்மண் நிறத்தில் வெள்ளம், மரக்கிளையெல்லாம் புரண்டு வருகிறது. மூன்று பேர் கரையில் நின்று அலறுகிறார்கள். நடுவில் ஒரு பாறை, அதில் மஞ்சளாக ஒரு உருவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேன்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று மேலே போக முடியாமல் தவிக்கிறார்.

அண்ணாச்சி மாம்பழப் பெட்டி கட்டுகிற கயிற்றை ஜீப்பில் முடிந்து வீசினார். அவள் கையை நீட்டுவதற்குள் தண்ணீர் பாறையை மூடிவிட்டது. மஞ்சள் மறைந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நான் ஜெபத்தை ஆரம்பித்து நடுவில் வார்த்தை மறந்து நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு கயிறு விறைத்தது. ஜீப்பைப் பின்னால் எடுத்து, வேன்காரரும் இழுத்து, கரையில் கொண்டுவந்து போட்டார்கள்.

உயிர் இருந்தது. குப்புறப் போட்டு முதுகை அழுத்தினோம், தண்ணீராகக் கக்கினாள். நான் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது, மூக்கில் மணல். ஆனால் உடுத்தியிருந்த மஞ்சள் சுடிதார் காய்ந்திருந்தது. ஈரம் குறைவு என்று சொல்லவில்லை, காய்ந்திருந்தது. கஞ்சி போட்டு வெயிலில் காய வைத்த துணியின் மொடமொடப்பு. கொடியிலிருந்து அப்போது எடுத்த மாதிரி சூடு.

"என்ன டீச்சரம்மா, துணி காஞ்சு கெடக்கு?" என்றார் அண்ணாச்சி, மிக மெதுவாக. அதற்குப் பிறகு அவர் சாகும் வரை அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கோதை சொன்னாள். "தண்ணிக்குள்ள எனக்குக் குளிரவே இல்ல ஆன்ட்டி. மொட்ட மாடியில வெயில்ல படுத்துக் கெடந்த மாதிரி இருந்துச்சு."

நாங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தபோது அடுப்படியில் போட்டுவிட்டுப் போன நீலச் சுடிதார் உலர்ந்து கிடந்தது. கீழே ஒரு கைப்பிடி வெள்ளை மணல். பெருக்கி வெளியே கொட்டினேன். வேறு என்ன செய்வது?

ஆறு வருடமாகிவிட்டது. கோதை கல்யாணமாகி மெட்ராஸில் இருக்கிறாள். ஷீலா மாப்பிள்ளையோடு மஸ்கட்டில். வளையல் துண்டு, போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனவள் நீலச் சுடிதாரை என்னிடம் விட்டுப் போனாள். "நீயே வச்சுக்கோம்மா, தெனம் பாத்துக்கோ" என்றாள். பார்க்கிறேன். காலையில் எழுந்ததும் பீரோவைத் திறந்து ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் கோதை நன்றாக இருக்கிறாள். இதுதான் ஒரு அறிவியல் ஆசிரியை செய்கிற காரியம்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், கோதையின் அம்மாவைப் பார்க்கப் போனேன். அன்பான மனுஷி, கிண்ணத்தில் பால்கோவா வைத்துக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, ஷீலாவின் மஞ்சள் சுடிதார் இங்கேதானே இருக்கிறது, ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அந்தக் கறுப்புப் புள்ளியா? அத எதுக்குப் பூச்சி அரிக்க வச்சிருக்கணும்னு பாத்திரக்காரன்ட்டப் போட்டுட்டேனே டீச்சர். நாலு பழைய சேலையும் சேத்துக் குடுத்தேன். அதுக்கு வாங்குனதுதான் இந்தக் கிண்ணம்" என்று என் கையில் இருந்ததைக் காட்டினார்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எந்தப் பாத்திரக்காரர் என்று கேட்டேன். தெருவில் கூவிக்கொண்டு போகிறவர், யாரென்று தெரியாது என்றார்.

கோதைக்கு ஒன்றென்றால் என் வீட்டுப் பீரோவில் எனக்குத் தெரிந்துவிடும். என் மகளுக்கு ஒன்றென்றால்? அன்றைக்கு வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், வழியெல்லாம் வீடுகளின் கொடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் அதுதான் வேலை. எவளோ ஒருத்தி அதை வாங்கித் துவைத்துப் போட்டிருப்பாள், இத்தனை வெயிலிலும் இது ஏன் காயவில்லை என்று அலுத்துக்கொண்டு பிழிந்து மறுபடி போடுவாள். அது யாருடைய துணி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?