அவன் அவளுடைய அப்பா இல்லை!

விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸின் ரெக்சின் சீட் ஐஸ் மாதிரி இருக்கும். பேரிகையில் ஏறி, சால்வையை மடித்துக் கீழே போட்டால்தான் உட்காரவே முடியும். ஜன்னல் இடுக்கில் வரும் பனிக்காற்று காதை அறுக்கும்...

அந்த சீட்டில்தான் என் முதல் இங்கிலீஷ் நாவலைப் படித்தேன்.

அப்போது நான் ஓசூர் கம்பெனியில் வயரிங் லைனில் டிரெய்னி. தமிழ் மீடியம். பள்ளியில் இங்கிலீஷ் வாசிக்க எழுந்தாலே வகுப்பு சிரிக்கும். அந்த ரோஷம் மனசுக்குள் கிடந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஒரு திரில்லர் கண்ணில் பட்டது. அட்டையில் முகம் பாதி அழிந்த ஒரு பெண். முடித்தே காட்டுகிறேன் என்று பஸ்ஸில் சவால் விட்டுவிட்டேன்.

பக்கத்து சீட் ரத்னம்மாக்காவுக்கு வீட்டில் தெலுங்கு. பின் சீட் மஞ்சுளாவுக்குக் கன்னடம். என்னோடு ரெண்டு பேரும் பேசுவது தமிழ்தான்.

"பத்துப் பக்கம் தாண்ட மாட்ட கண்ணு" என்றார் அக்கா.

கதை இதுதான். ஒரு பெண் மலை வீட்டில் கண் விழிக்கிறாள். தன் பெயர்கூட ஞாபகமில்லை. எதிரே ஒருவன், தான்தான் அவள் அப்பா என்கிறான், கொல்ல ஆள் வருகிறது, கிளம்பு என்கிறான். அப்புறம் ஒரே ஓட்டம்...

அவள் ஓடினாள், நான் டிக்‌ஷனரி ஆப்பைத் தட்டித் தட்டி நொண்டினேன். படித்த வரைக்கும் தினமும் கதை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சுளா பின்னாலிருந்து ஜடையை இழுப்பாள்.

பாதியில் மாட்டிக்கொண்டேன். கொதிக்கிற கெட்டிலில் கையைச் சுட்டுக்கொண்டு அந்தப் பெண் ஏதோ கத்துகிறாள். இங்கிலீஷே இல்லாத ஒரு வார்த்தை. டிக்‌ஷனரி கைவிரித்துவிட்டது. என்ன சொன்னாய் என்று அந்த அப்பா கேட்கிறான். எனக்கும் அதே கேள்விதான்! இது நமக்கு ஆகாது என்று புத்தகத்தைப் பைக்குள் போட்டேன். அழுகையே வந்துவிட்டது.

பாகலூர் தாண்டியதும் குறுக்கே ஒரு மாடு. டிரைவர் போட்டார் பாருங்கள் ஒரு பிரேக்... எல்லோருக்கும் முழங்காலில் அடி. ரத்னம்மாக்கா "தேவுடா" என்றார். மஞ்சுளா "அய்யோ தேவ்ரே" என்றாள்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. நாளெல்லாம் தமிழ் பேசினாலும் அடிபட்டால் வாயில் வருவது வீட்டுப் பேச்சு. அப்படியானால் அந்தப் பெண்?

"அக்கா, கையச் சுட்டுக்கிட்டு ஒரு பொண்ணு கத்துறா. அது பெத்த அப்பனுக்கே புரியலன்னா?"

அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அப்பறம் அவன் என்னா அப்பன்?"

அவ்வளவுதான். அவன் அவளுடைய அப்பா இல்லை!

அந்த வாரம் முழுக்க கேன்டீனில் சாப்பாடு ஆறிப்போனது. டிக்‌ஷனரியைத் தொடவே இல்லை. புரியாத வார்த்தை புரியாமலே போகட்டும் என்று பக்கம் பக்கமாகத் தள்ளினேன். கடைசி அத்தியாயத்தில் எல்லாம் வெட்டவெளிச்சமானது. அவன்தான் அவளைக் கடத்தியவன். நான் நினைத்தது அப்படியே சரி!

முடித்த அன்றைக்கே திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே கிளைமாக்ஸ் சொன்னேன். பேரிகை வந்தும் ஒருத்தர்கூட இறங்கவில்லை. டிரைவரும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டல் அதுவரை வாங்கியதில்லை.

இப்போது அதே லைனில் டிரெய்னிகளுக்கு நான்தான் கிளாஸ் எடுக்கிறேன். இங்கிலீஷ் திரில்லர் ரெண்டு நாளில் முடிந்துவிடுகிறது. பஸ்ஸில் எல்லோர் காதிலும் இயர்போன்... கதை சொல்ல ஆளில்லை.

போன வாரம் ஒரு வில்லனைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷம் தாங்காமல், கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்ட மஞ்சுளாவுக்கு போன் போட்டேன்.

"அவன் யாருன்னு அப்பறம் சொல்லு" என்றாள். "மொதல்ல இருந்து ஆரம்பி."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. ஆரம்பித்தேன்.