வெயிலில் இறக்கிய வோல்டேஜ்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதை நம்பிப் பிழைப்பவர்கள் இரண்டு பேர். அவன் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து தருபவன். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைனர். வாரத்தில் பாதி நாள் அங்கே, மீதி நாள் வேலூரில் வீட்டிலிருந்தபடியே வேலை. கணவனை 'அவன்' என்று எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். இரண்டு பேரும் ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு 'வாங்க, போங்க' என்று மாற்றிப் பார்த்தோம். எனக்கே சிரிப்பு வந்தது, விட்டுவிட்டோம்.

தை மாதத்தில் பாகம் பாகமாக வாங்கி நாங்களே பூட்டிய மெஷின் அது. புராசஸரை ஓவர்கிளாக் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. அதாவது, தயாரித்தவர்கள் வைத்த வேகத்துக்கும் மேலே ஓட வைப்பது. வேகத்தைக் கூட்டினால் புராசஸர் வோல்டேஜும் கூடுதலாகக் கேட்கும். கம்மியாகக் கொடுத்தால் பாதி வேலையில் நின்றுவிடும். ஜாஸ்தியாகக் கொடுத்தால் கொதிக்கும். அப்படியே வருஷக்கணக்கில் ஓட்டினால் சிப்பே நொந்துபோகும். அவன் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, ஐந்து புள்ளி ஒன்று கிகாஹெர்ட்ஸ் வேகமும் அதற்கு ஒன்று புள்ளி மூன்று எட்டு வோல்டேஜும் வைத்தான். தை மாதக் குளிரில் அழகாக ஓடியது. டீக்கடையில் நிற்கும்போதுகூட அந்த ஐந்து புள்ளி ஒன்றைச் சொல்லாமல் வரமாட்டான்.

சித்திரை வந்தது. வேலூர் வெயிலை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்களுடையது மாடி வீடு. மேலே மொட்டைமாடி, அறையில் ஏசி கிடையாது. மத்தியானத்தில் சுவரைத் தொட்டால் சுவரும் சுடும். கம்ப்யூட்டர் நடு வேலையில் நீலத்திரை காட்டி நின்றுபோக ஆரம்பித்தது.

"வோல்டேஜ் பத்தல, அதான்," என்றான் அவன். கொஞ்சம் ஏற்றினான். இரண்டு நாள் ஒழுங்காக ஓடி மறுபடியும் நின்றது. மறுபடியும் ஏற்றினான்.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் விரிஞ்சிபுரம் கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு கேமராவோடு விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டான். மறுநாள் எங்கள் கம்பெனியிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வீடியோ காலில் வருவதாக இருந்தது. லேஸ் இல்லாத புது லோஃபர் ஷூ மாடல்களை எல்லா லெதர் நிறத்திலும் படமாகக் காட்ட வேண்டும். நிஜத் தோலை வெட்டித் தைப்பதற்கு முன்னால், தோலில் வெளிச்சம் விழுவது முதற்கொண்டு கம்ப்யூட்டரே வரைந்து தரும் படங்கள். அந்த வேலைக்கு புராசஸர் மொத்த பலத்தோடும் உழைக்க வேண்டும். கறுப்பு முடிந்தது, பிரவுன் பாதியில் இருந்தது, நின்றுவிட்டது.

பேஜாராகத்தான் இருந்தது. ஆனால் பயம் வரவில்லை. எல்லாப் படங்களையும் முதலில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். பிறகு சூட்டையும் வோல்டேஜையும் காட்டும் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்து, வேலையைத் திரும்ப ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

சூடு நூறு டிகிரியைத் தொட்டது. தொட்டதும் புராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்தது. ஐந்து புள்ளி ஒன்று என்று நாங்கள் பீற்றிக்கொண்டிருந்தது, உள்ளே நாலரையில் நொண்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவன் வைத்திருந்த வோல்டேஜ் ஒன்று புள்ளி நான்கு. லோடு, அதாவது வேலைச் சுமை, ஏறியபோது மீட்டர் காட்டியது அதைவிட ஜாஸ்தி.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் செட்டிங்குக்குள் போய்த் தேடினேன். லோடு வரும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதைத் தூக்கிப் பிடிக்க மதர்போர்டில் ஒரு செட்டிங் உண்டு. அந்த வீடியோ சொன்னதென்று அவன் அதைக் கடைசி மட்டத்தில் வைத்திருந்தான். தூக்கிப் பிடிக்கிறேன் என்று போர்டு அளவுக்கு மேலேயே தள்ளிக்கொண்டிருந்தது.

அங்கேயே எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்துவிட்டது. சூடான சிப் தள்ளாடுகிறது. தள்ளாட்டத்தைப் பார்த்து வோல்டேஜ் ஏற்றுகிறோம். ஏற்றினால் இன்னும் சூடாகிறது. அவன் ஏற்றியது தப்பான யோசனை இல்லை, குளிர்காலமாக இருந்தால் அதுவே சரி. இந்த வெயிலில் வெளியே வர ஒரே வழி, வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. இறக்கிப் பார்ப்பதில் எதுவும் எரிந்துபோகாது. மிஞ்சினால் ஹேங் ஆகும், ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம். ஏற்றிப் பார்ப்பதில்தான் திரும்பி வர முடியாத இடம் இருக்கிறது.

தூக்கிப் பிடிக்கும் செட்டிங்கை நடு மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். வேகத்தை நாலு புள்ளி ஒன்பதாக்கினேன். வோல்டேஜை ஒன்று புள்ளி மூன்றில் தொடங்கி, சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் முழு லோடில் டெஸ்ட் ஓட்டினேன். ஒன்று புள்ளி இரண்டு மூன்றில் பிழை காட்டியது. அதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, ஒன்று புள்ளி இரண்டு ஆறில் நிறுத்தினேன். சூடு எண்பதைத் தாண்டி ஒரு இடத்தில் போய் அமைதியாக நின்றது. அந்த எண் அசையாமல் நிற்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவன் வந்தபோது டேன் நிற லோஃபர் திரையில் முடிந்துகொண்டிருந்தது. கேமரா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"இன்னா பண்ணே? நாலு புள்ளி ஒம்பது காட்டுது?"

"இறக்கிட்டேன்."

"அஞ்சு புள்ளி ஒண்ணுல ஓடினு இருந்துச்சிடி!"

"ஓடல. ஓடற மாதிரி காட்டிச்சி. சூடு ஏறினதும் நாலரைக்கு வந்துடுது. நீயே பாரு."

சேமித்து வைத்திருந்த கிராஃபைக் காட்டினேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தான். முகம் வாடிப்போனது. ஆசையாக வைத்த எண் அது, எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. என் படங்கள் முடிந்ததும் அவன் எடிட் செய்து வைத்திருந்த போன வாரக் கல்யாண வீடியோ ஒன்றை முழுப் படமாகச் சேர்த்தெடுக்க ஓடவிட்டு, சாப்பிட உட்கார்ந்தான். ரசத்துக்கு வருவதற்குள், நடுவில் ஒரு தடவைகூட நிற்காமல் அது முடிந்துவிட்டது. எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தான்.

"சரி. ஆனா மார்கழில திரும்ப ஏத்துவேன்."

"ஏத்திக்கோ. வோல்டேஜ் மட்டும் நான் சொல்றதுதான்."

"சரிம்மா தாயே," என்று மோருக்குக் கை நீட்டினான்.

திங்கட்கிழமை மேனேஜர் மேடம் போன் செய்தார். பையருக்குப் பிடித்தது பச்சை. நான் கடைசியாக, ஒப்புக்குச் செய்து வைத்த நிறம். லெதர் பிசினஸில் இப்படித்தான் நடக்கும்.

அடுத்த மாதம் அவன் என்னைக் குடியாத்தத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே அவனுடைய தோஸ்த் ஒருவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர் மெஷினும் இதே மாதிரி நிற்கிறதாம். பக்கத்துக் கட்டிடத்தில் லுங்கி நெய்யும் பவர்லூம் சத்தம் போட்டபடி இருந்தது. பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. எனக்கு ஓரமாக ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் முழுக்க இவனிடமே பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு புள்ளி நாலு அஞ்சு வெச்சிருக்கேன்பா. இன்னும் ஏத்தலாமா?"

இவன் கையால் என்னைக் காட்டினான். "என்னைக் கேக்காத. அவளைக் கேளு. எங்க வீட்ல வோல்டேஜ் அவளோட டிபார்ட்மெண்ட்."

அவர் கொஞ்சம் திகைத்து என் பக்கம் திரும்பினார். நான் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். கூரை முழுக்கத் தகர ஷீட்.

"முதல்ல அந்த நாற்காலிய விடுங்கண்ணே," என்று கீபோர்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.