சுவரில் மாட்டிய வெள்ளை டன்மோர்

என் தம்பி வெண்டலைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்லதை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எனக்குப் பொறுமை இருக்காது. மில்பிட்டாஸில் அவன் தபால்காரனாக இருந்த காலம் முழுக்க ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போனதில்லை. குடிக்க மாட்டான். நாய்களுக்கு அவனைப் பிடிக்கும். அவ்வளவுதான்.

மற்றபடி அவன் மனிதர்களோடு வாழவில்லை, பழைய கம்ப்யூட்டர் பிராசசர்களோடு வாழ்கிறான். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கராஜ்தான் அவன் வீடு. கட்டிலுக்கு மேலே, கழுவும் தொட்டிக்கு மேலே, கக்கூஸ் கதவில்கூட, கண்ணாடிச் சட்டத்துக்குள் சிப், சிப், சிப். சாப்பாடு மட்டும் என் மேசையில்.

மாதம் ஒருமுறை கல்லூரி வாகன நிறுத்தத்தில் பழைய மின்பொருள் சந்தை கூடும். அங்கே என் தம்பிக்கு ராஜ மரியாதை. யாராவது ஒரு சிப்பை நீட்டினால் பூதக்கண்ணாடி வைத்து எழுத்தின் வளைவைப் பார்ப்பான். பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேலே தேய்ப்பான். மை கரைந்து வந்தால், பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் அடித்த கள்ளச் சரக்கு. சிப்பின் வளைந்த கம்பிக் கால்களை, அழுத்தினால் ஊக்கு வரும் பென்சிலின் முனைக்குழாயில் நுழைத்து நிமிர்த்துவான். அப்புறம் தீர்ப்பு வரும். "இது வண்டி வண்டியாக் கிடைக்கும், தூக்கிப் போடு." "இத மூடி உள்ள வை, யார்கிட்டயும் காட்டாத." தங்கத்துக்காகச் சிப்புகளை அமிலத்தில் போட்டு உருக்குகிறவர்களைக் கண்டால் மட்டும் அவனுக்கு வெறி வந்துவிடும். "கொலைகாரப் பசங்களா!" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்துவான்.

சிப் சேர்க்கிற கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. நல்ல சிப்பை எதிலும் செருகிப் பார்க்கக் கூடாது. செருகினால் காலில் கீறல் விழும், மதிப்பு இறங்கிவிடும். மின்சாரமே காணாத சிப்தான் உத்தமம். அடுப்பில் ஏறாத பானைக்கு அத்தனை பூஜை.

அவனுடைய மூலவர், வெள்ளை டன்மோர். வெள்ளைப் பீங்கான் உடம்பு, தங்க மூடி. டன்மோர் கம்பெனியை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இதைப் போல உலகத்தில் நாலுதான் இருக்கிறது என்பான். விருந்தாளி வந்தால் அதன் முன்னால் நிறுத்திவிட்டுத்தான் உட்காரச் சொல்வான்.

நான் பீட்டோ அர்ரியாகாவின் பட்டறையில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சலினாஸ் கீரைத் தோட்டங்களின் தண்ணீர் பம்புகளுக்கு வால்வு கடைகிற பட்டறை. பழைய லேத்து ஒன்றுதான் அங்கே சோறு போட்டது. போன இலையுதிர் காலத்தில் அது நின்றது. பீட்டோ கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கருகிய சிப் ஒன்றைப் பிடுங்கி என் மேசையில் வைத்தான்.

"வெந்துபோச்சு, ரோஸ். வேற எங்கயும் கிடைக்கல. புதுப் பெட்டி மாத்தணும்னா இந்த லேத்தையே வித்தாலும் பத்தாது."

எண்ணெய்க்கறைக்கு அடியில் டன்மோர் என்ற பெயரும், வெண்டலின் சுவரில் இருப்பதன் அதே எண்ணும் தெரிந்தன. பீட்டோ மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் மனைவி சோளமாவில் அவித்து அனுப்பும் தமாலேயை மூக்குமுட்டத் தின்கிற என் தம்பியின் சுவரில் என்ன தொங்குகிறது என்று அவனுக்கும் தெரியும்.

அன்று சாப்பாட்டு மேசையில் நேராகவே கேட்டேன்.

"வெண்டல், அந்த டன்மோரைக் குடு. பீட்டோ லேத்து நின்னுபோச்சு."

முள்கரண்டியைக் கீழே வைத்தான். "விளையாடுறியா?"

"அந்த லேத்தை நம்பி ஆறு குடும்பம் இருக்குடா. அதுல ஒண்ணு இது. இப்ப நீ மெல்லுற இறைச்சி அந்த லேத்துலேர்ந்துதான் வருது."

"செருகினா கால்ல கீறல் விழும், ரோஸ். உலகத்துல நாலே நாலுதான் இருக்கு."

"பீட்டோ உலகத்துல எத்தனை இருக்கான்?"

"அது வேற, இது வேற."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவன் உப்பையும் தின்றுவிட்டு, வைக்கோல் போரில் படுத்த நாய் மாதிரி, தானும் பயன்படுத்தாமல் மற்றவனுக்கும் விடாமல் உறுமுகிறான். அவன் தட்டைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன்.

"அந்தச் சிப் லேத்துக்குள்ள போற வரைக்கும் இந்த மேசைப் பக்கம் வராத. உன் சுவத்தையே நக்கிக்க."

டப்பாவில் அடைத்த பீன்ஸைக் குளிரக் குளிரத் தின்று சில நாள் தாக்குப்பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து நின்றான், மார்போடு அணைத்த பெட்டியும் வெள்ளைக் கையுறையுமாக. அவன்தான் செருகுவான், வேறு யாரும் தொடக் கூடாது. சரி என்றோம். பீட்டோ தேவாலயத்துக்குள் நுழைகிறவனைப் போலத் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

கால்கள் உள்ளே இறங்கிய சத்தத்துக்கு வெண்டல் பல் பிடுங்குகிறவர்களிடம் மாட்டிக்கொண்டவனைப் போல முனகினான். பீட்டோ விசையைப் போட்டான். காற்றாடி சுற்றியது. பச்சை விளக்கு எரியவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. மீட்டரை எடுத்து ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தான்.

"வெண்டல், இதுல எங்கயுமே கரண்டு ஓட்டம் இல்லப்பா. செத்த சிப்கூட ஏதாவது காட்டும்."

வெண்டலின் முகம் அவன் சிப்பைவிட வெளுத்துவிட்டது. அந்தக் கணத்தில், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவன் மேல் பாவமாகக்கூட இருந்தது.

சலினாஸ்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். பீட்டோ லேத்தைப் பழைய இரும்புக்குப் போட்டான். லாரியில் ஏற்றும்போது அவன் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு தரையைப் பெருக்கிக்கொண்டே இருந்தான். கருகிய சிப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கும் அங்கே அதுதான் கடைசி நாள்.

வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வெண்டல் ஓடி வந்தான். லைல் ஹோக்ஸ்ட்ரா என்று ஒரு பல் டாக்டர், அவரும் இந்தப் பைத்தியம்தான். அவரிடம் போய்ச் சிப்பை எக்ஸ்ரே எடுத்திருக்கிறான். படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"ரோஸ், உள்ள ஒண்ணுமே இல்ல!"

"தெரிஞ்ச கதைதானே."

"உனக்குப் புரியல. அந்தக் காலத்துல சர்க்யூட் பலகையில ஈயம் பத்தவெச்சுப் பழகுறதுக்குன்னு கம்பெனிக்காரன் வெறும் ஓடு குடுப்பான். டன்மோர்ல அப்படி ஒண்ணு இருக்குன்னே இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. நாலுல ஒண்ணு இல்ல, உலகத்துலயே ஒண்ணு! லைல் அழுதுட்டாரு ரோஸ்!"

பீட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கருகிய சிப்பை அவன் பக்கம் தள்ளினேன்.

"இதப் பாத்துச் சொல்லு."

கை தானாகப் பூதக்கண்ணாடியை எடுத்தது. "டன்மோர்தான். கால் பூரா கீறல். எண்ணெய். மூடி வெந்திருக்கு."

"முப்பது வருஷம் ஓடியிருக்குடா. இது மாதிரி எத்தனை இருக்கும்?"

"வேலைக்குப் போனதெல்லாம் கணக்குல வராது ரோஸ்," என்றான், குழந்தைக்குச் சொல்வதைப் போல. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "லேத்துல செருகியாச்சு, நீ சொன்னத நான் செஞ்சிட்டேன். இன்னிக்கு என்ன சாப்பாடு?"

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, துடைத்து, அவன் முன்னால் வைத்தேன். அவன் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன ரோஸ், உள்ள ஒண்ணும் இல்லையே?"

"ஆமா. இந்த மேசையில இப்படி ஒண்ண இதுவரைக்கும் யாருக்கும் வெச்சதில்ல. ரொம்ப அபூர்வம். தின்னு."