மணியம்மா போடாத கையெழுத்து

ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் மணியம்மாவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. கொழுந்துச் சாக்கைத் தராசில் வைத்தால் முள் நிற்கும்வரை இமைக்க மாட்டாள். ஈரத்துக்கென்று தோட்டக் கணக்கெழுதும் கிராணி இரண்டு கிலோ கழித்தால், ஏன் ஒன்றரை இல்லை என்று கேட்பாள். பிரிஞ்சாங் சந்தையில் தக்காளிக்காரர் அவளைக் கண்டாலே அழுகலைத் தானே பொறுக்கிப் போட்டுவிடுவார். இருபத்தாறு வருட வேலையில் யாரும் அவள் தலையில் மிளகாய் அரைத்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மகள் சாந்தினி ஈப்போவில் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் படித்தாள். பத்தாயிரம் மீட்டர் ஓடுவாள். தோட்டத்து மேடுகளில் ஓடிப் பழகிய கால்கள். போன வருடம் கூச்சிங்கில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி வந்தது. கடல் தாண்டி விமானத்தில் போக வேண்டும். பல்கலைக்கழகமோ சின்னது, விளையாட்டுக்கு அது ஒதுக்குகிற காசும் சின்னது. ஐந்து பேருக்குத்தான் டிக்கெட். அந்த ஐவரில் சாந்தினியும் ஒருத்தி. புதன்கிழமை பஸ் பிடித்து மேலே வந்தவள், மலாயில் அச்சடித்த சம்மதப் பாரம் ஒன்றை அம்மாவிடம் நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்மா. சைன் போடுலா."

மணியம்மா வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி உறுத்தியது. பணம் பற்றாவிட்டால் மீதியைப் பெற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதுபோலத் தெரிந்தது. உடனே கோச் ராமையாவுக்குப் போன் போட்டாள்.

"ஸ்பான்சர் காசு வந்துட்டா நீங்க எதுவும் கட்ட வேணாம்மா," என்றார் அவர்.

"வரலன்னா சார்?"

"அதெல்லாம் வந்துரும்மா," என்று ராமையா இழுத்தார். மணியம்மாவுக்கு அது போதும். கிராணி படித்துச் சொல்லாமல் பேனாவைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். கிராணியோ லீவில் இருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். சாந்தினி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

"நீ சந்தேகப்பட்டதுதான் மணியம்மா. காசு கொறஞ்சா உன் தலையிலதான் விழும்," என்று திங்கட்கிழமை கிராணி சொன்னார். அதற்குள் சாந்தினியின் இடத்தில் வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

போட்டி முடிந்து இரண்டு மாதத்தில் ஸ்பான்சர் கையை விரித்தார். போய்வந்த ஐந்து பேர் வீட்டுக்கும் கடிதம் வந்தது, ஆளுக்கு எண்ணூறு ரிங்கிட் கட்டச் சொல்லி. கேள்விப்பட்ட மணியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. லயத்தில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னாள். தீபாவளிக்கு வரும் மகள் தன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தாள்.

வந்த சாந்தினி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீ நெனச்சது சரிதாம்மா."

மணியம்மாவின் முகம் மலர்ந்தது.

"ஆனா கூச்சிங்ல ஜெயிச்சவளோட டைம், என்னோடத விட நாப்பது செகண்ட் ஸ்லோ."

மலர்ந்த முகத்தை என்ன செய்வதென்று மணியம்மாவுக்குத் தெரியவில்லை.

"அடுத்த வருஷம் போலாம்டி. எண்ணூறு என்ன, ஆயிரமா இருந்தாலும் நான் கட்டுறேன்."

"அடுத்த வருஷம் ஓட்டமே கெடையாதும்மா. காசில்லன்னு டீமையே மூடிட்டாங்க. கோச்சுக்கும் வேல போச்சு."

"எவன் சொன்னான்? பொய்யா இருக்கும்!"

பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. யாரோ தங்களை ஏமாற்றுவதாகவே இருக்கட்டும் என்று மணியம்மா வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள்.