சக்கரம் வைத்த கோழிக்கூடு

எங்கள் தெருவில் வெர்னா கெட்லர் வீட்டுக் கோழிமுட்டையைத் தின்னாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஞாயிறு தோறும் வாரம் ஒரு வீடாக வாசலில் முட்டைப் பெட்டியை வைத்துவிட்டுப் போவாள். தின்று முடித்தவர்கள் காலிப் பெட்டியை அவள் படியில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த முட்டையைத் தின்ற வாயே அவள்மேல் நகராட்சியில் புகார் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வெர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கான்சஸின் இந்தக் கோதுமை வயல்களுக்கு நடுவே, காலையில் போன அதே சாலையில் மாலையில் திரும்பி, வேலைக்காலம் முழுவதையும் ஓட்டிவிட்டாள். கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஓய்வு பெற்றதும், யாரோ பண்ணையில் களைக்குள் போட்டு வைத்திருந்த பழைய டிரெய்லரை வாங்கிவந்து முற்றத்தில் நிறுத்தினாள். உள்ளே கட்டிலும் அடுப்பும் உள்ள, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் அலுமினிய வீடு அது.

"இதை இழுத்துக்கிட்டு ஆரிகன் கடற்கரைக்குப் போறேன், வால்ட்" என்றாள். நான் அடுத்த வீட்டுக்காரன்.

"முதல்ல தெருமுனை வரைக்கும் போகுதான்னு பாரு" என்றேன்.

அதை முன்பு வைத்திருந்த மகானுபாவன் மழை ஒழுகிய இடத்திலெல்லாம் பசையை அப்பி வைத்திருந்தான். இங்கே எல்லாரும் செய்கிற முட்டாள்தனம்தான். மேலே அடைத்தால் தண்ணீர் உள்ளே நின்று மரத்தைத் தின்றுவிடும். வெர்னா தகடுகளைக் கழற்றினாள். உள்ளே இருந்த மரச்சட்டம் நனைந்த ரொட்டி மாதிரி கையோடு வந்தது. புது மரம் அறுத்துப் பொருத்தினாள். உளுத்த கட்டையிலிருந்து உதிரும் எறும்புகளுக்காகக் கோழிகள் அவள் காலையே சுற்றின. பெர்னிஸ் என்கிற கொழுத்த கோழி கருவிப்பெட்டியில்தான் முட்டையிடும். இரண்டு குளிர்காலம் போயிற்று. உள்சுவருக்குப் புதுப் பலகை அடித்து, வார்னிஷ் பூசி, அது காய்ந்த வாரம் பார்த்து நகராட்சியிலிருந்து டஸ்டின் வந்தான்.

அவன் சின்ன வயதில் அவள் பஸ்ஸில் போனவன்.

"மிஸ் வெர்னா, கோவிச்சுக்காதீங்க. நம்பர் பிளேட் இல்லாத வண்டி முற்றத்துல நிக்கக் கூடாது. புகார் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை இழுத்துட்டுப் போயிடுவாங்க."

"பிளேட்டுக்கு எழுதிப் போட்டாச்சுடா. அடுத்த மாசம் வந்துடும். யாரு சொன்னா?"

"அதைச் சொல்லக் கூடாது. டிரெய்லர் கூரை நடுவுல கிடக்கிற பெயிண்ட் டப்பா எல்லாம் அசிங்கமா இருக்காம்."

கூரை நடுவே கிடப்பது கீழே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் மாடி வைத்த வீடு ஒன்றுதான். லோயிஸ் பார்ட்லெட்டின் வீடு. காலிப் பெட்டிக்குள் 'நன்றி செல்லமே' என்று சீட்டு வைத்துத் திருப்பித் தருகிற அதே லோயிஸ்!

"இப்பவே போய் அந்தம்மாவை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்" என்று கிளம்பினேன்.

"உட்காரு, வால்ட். 'ஐயோ, நானா?'ன்னு சிரிப்பா. சாயங்காலம் கேக் சுட்டு எடுத்துட்டு வருவா. அதை வேற நாம திங்கணும்."

எங்கள் ஊர்க்காரர்களின் லட்சணம் அதுதான். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை வராது. முதுகுக்குப் பின்னால் போனை எடுப்பார்கள்.

வெர்னா டஸ்டினைப் பார்த்தாள். "கோழிக்கு என்னடா சட்டம்?"

"ஆறு வரைக்கும் வெச்சுக்கலாம். சேவல் கூடாது. கூடு இருக்கணும்."

"கூட்டுக்குச் சக்கரம் இருக்கலாமா?"

"தாராளமா. புல்லு மேய விடறதுக்கு நகர்த்துவாங்களே."

வியாழன் மாலை ஒவ்வொரு கோழியாகத் தூக்கி டிரெய்லருக்குள் விட்டாள். தரையில் பிளாஸ்டிக் விரித்து, கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் கோழிகள் அடைவதற்குக் கம்பு கட்டினாள். காலையில் கதவைத் திறந்தால் புதுச்சுவரெல்லாம் கீறலும் எச்சமுமாகக் கிடந்தது. வெர்னா படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒரு நல்ல மனுஷி தன் கையால் இழைத்ததைத் தானே பாழாக்கினால்தான் காப்பாற்ற முடியும் என்றால், அது என்ன சட்டம், அது என்ன ஊர்?

இழுவை லாரியோடு வந்த டஸ்டின் உள்ளே எட்டிப் பார்த்தான். அடுப்பின்மேல் உட்கார்ந்திருந்த பெர்னிஸ் அவனை முறைத்தது. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கூடு வேலியிலிருந்து போதிய தூரம் தள்ளி நிற்கிறதா என்று அளந்தான்.

"கோழிக்கூடுதான். சட்டப்படி சரியா இருக்கு" என்று லாரியைத் திருப்பி அனுப்பினான். மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது.

பிளேட் வந்தது. வெர்னா சுவரைத் தேய்த்து மறுபடி வார்னிஷ் அடித்தாள். கீறல் முழுதாகப் போகவில்லை. கோழிகளை என்னிடம் விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். நாலைந்து நாள் கழித்து போன் வந்தது. ஒரே இரைச்சல்.

"கேக்குதா, வால்ட்? இது காத்து இல்ல. கடலு!" என்று கத்தினாள்.

மறுநாள் லோயிஸ் என் கதவைத் தட்டினாள். கையில் முட்டைப் பெட்டி, முகத்தில் அதே சிரிப்பு.

"வால்ட், போன ஞாயிறு எங்க வீட்டு முறை. வெர்னா அவசரத்துல காலிப் பெட்டியை வெச்சுட்டுப் போயிட்டா போல."

"அவசரம் எதுவும் இல்ல, லோயிஸ். திறந்து நல்லாப் பார்த்துத்தான் வெச்சா."

சிரிப்பு நின்றது. எனக்குப் பின்னால் பெர்னிஸ் முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டிக் கொக்கரித்தது. நான் கதவைச் சாத்தினேன்.